அகதியாக இருப்பது எவ்வளவு அருமை, அப்பா!

லண்டனுக்குப் பெயர்ந்து வந்த தமிழ் வீடுகளில் ஆங்கிலக் கதைப் புத்தகம் பெரும்பாலும் பிள்ளையின் பள்ளிப் பைக்குள்தான் வந்து சேரும். எங்கள் வீட்டுக்கு அப்படி வந்தது ஒரு புலி. வாசல் மணியை அடித்துவிட்டு உள்ளே வருகிறது. மேசையில் இருக்கும் பலகாரம் அத்தனையையும் தின்கிறது. குழாய்த் தண்ணீரைக்கூட மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, நன்றி சொல்லிப் புறப்பட்டுப் போகிறது. தன் மகளுக்குச் சொன்ன கதையை ஜூடித் கெர் 1968இல் படப் புத்தகமாக்கினார். பிரிட்டிஷ் குழந்தைகளுக்குத் தலைமுறைகளாகப் பழகிய இந்தப் பெண்மணி 1923இல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர்.

தந்தை ஆல்ஃபிரட் கெர், ஜெர்மனி முழுவதும் அறிந்த நாடக விமர்சகர். நாஜிகளை வெளிப்படையாகக் கேலி செய்து எழுதியவர். பாஸ்போர்ட்டைப் பறிக்கப் போகிறார்கள் என்று 1933இல் ஒரு போலீஸ்காரர் தொலைபேசியில் எச்சரித்தார். காய்ச்சலில் படுத்திருந்த மனிதர் அன்றே எல்லை தாண்டினார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மார்ச் 4ஆம் தேதி கிளம்பினார்கள். மறுநாள் தேர்தல். அதில் ஹிட்லரின் கை ஓங்கியது. மே மாதம் நாஜிகள் எரித்த நூல்களில் ஆல்ஃபிரட் எழுதியவையும் இருந்தன. புறப்படும்போது சிறுமி ஜூடித் கம்பளி நாயை எடுத்துக்கொண்டு இளஞ்சிவப்பு முயலை விட்டுவிட்டார். மகளின் குழந்தைக் கால ஓவியங்களையோ தாய் கைவிடவில்லை. அவை பத்திரமாக இங்கிலாந்து வந்து சேர்ந்தன. அவசரத்தில் மூட்டை கட்டியவர்களுக்குத் தெரியும், காகிதக் கிறுக்கலுக்கு அதில் இடம் ஒதுக்கும் தாய் எப்படிப்பட்டவள் என்று.

சுவிட்சர்லாந்து, பிறகு பாரிஸ், 1936இல் லண்டன். பாரிஸில் ஒருநாள் நகரத்தைப் பார்த்துக்கொண்டே, அகதியாக இருப்பது எவ்வளவு அருமை என்று தந்தையிடம் சொன்னதை ஜூடித் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்தார். அந்தச் சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு, வந்தேறிகள் இப்படியல்லவா நன்றியோடு இருக்க வேண்டும் என்று நமக்குப் பாடம் நடத்துபவர்களைக் கண்டிருக்கிறேன். சொன்னவர் ஒரு சிறுமி, கேட்டவர் எழுபதை நெருங்கிய எழுத்தாளர் என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சிறுமிக்குப் பிரெஞ்சு வந்தது, பிறகு ஆங்கிலமும் வந்தது. தந்தைக்கோ எதுவும் பிழைப்புக்கு உதவும் அளவுக்கு வரவில்லை. நெப்போலியனின் தாயைப் பற்றி எழுதிய திரைக்கதை ஒன்றைத் திரைப்படத் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா வாங்கியதால்தான் லண்டனுக்கே வர முடிந்தது. அதன் பிறகு மலிவான ஓட்டல் அறை வாழ்க்கை. ஓபராவுக்கு இசையமைத்த தாய் ஜூலியா அலுவலகங்களில் செயலாளர் வேலை பார்த்தார். ஊரில் பாடசாலை அதிபராக இருந்தவர் இங்கே பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்ப்பதைக் கண்ட எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மகன் மைக்கேலை 1940இல் 'எதிரி நாட்டவர்' என்று ஐல் ஆஃப் மேன் தீவில் அடைத்தார்கள். அவரே பின்னர் பிரிட்டிஷ் விமானப் படையில் விமானியாகி, மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதியுமானார். தந்தை 1948இல் ஜெர்மனி திரும்பினார். ஹாம்பர்க்கில் பக்கவாதத்தால் விழுந்தார். சில வாரங்களில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

பிபிசியில் சந்தித்த எழுத்தாளர் நைஜல் நீலை ஜூடித் 1954இல் மணந்தார். மகளும் மகனும் பிறந்தார்கள். மகனுக்கு எட்டு வயதிருக்கும்போது 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தைப் பார்த்துவிட்டு, அம்மாவின் சிறுவயது எப்படி இருந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது என்றானாம். மலையில் பாடிக்கொண்டே தப்பித்துப் போகும் குடும்பம்! அப்படியில்லை என்று மகனுக்குச் சொல்லத்தான் அந்த முயலை நினைவில் வைத்து 1971இல் தன் கதையை நாவலாக எழுதினார். அதைத் தொடர்ந்த இரண்டு நாவல்களில்தான் பெற்றோரின் தோல்வியையும் தனிமையையும் தொட்டார். முதல் நாவலைப் பள்ளிகளில் வாசிக்கக் கொடுக்கிறார்கள். எனக்கு மற்ற இரண்டும்தான் நெருக்கமானவை.

புலி என்பது நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவாக இருக்கலாம் என்று எழுத்தாளர் மைக்கேல் ரோசன் ஒருமுறை சொன்னார். அது வெறும் புலிதான் என்று ஜூடித் மறுத்தார். அவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் வீட்டில் ஒன்றுமே மிச்சமில்லாத அந்த இரவில் தாயும் தந்தையும் மகளும் கிளம்பி வெளியே போய்ச் சாப்பிடுகிறார்களே, அந்தப் பக்கத்தை ஓட்டல் அறையில் வளர்ந்த ஒருவரால்தான் அவ்வளவு சாதாரணமாக வரைய முடியும் என்று தோன்றுகிறது.

கணவர் 2006இல் இறந்தார். ஜூடித் பாட்டியான பிறகும், தொண்ணூறைத் தாண்டியும், 1962 முதல் வாழ்ந்த லண்டன் பார்ன்ஸ் பகுதி வீட்டில் தொடர்ந்து வரைந்தார். தன்னையொத்த வயதில் நாஜிகளால் கொல்லப்பட்ட யூதக் குழந்தைகளுக்குக் கிடைக்காத வாழ்க்கை தனக்குக் கிடைத்தது, அதை வீணாக்கக் கூடாது என்பார். 2019 மே 22 அன்று, 95 வயதில் மறைந்தார். அடுத்த மாதமே ஒரு புதிய புத்தகம் வெளிவந்தது.

ஜெர்மனும் ஆங்கிலமும் பாட மொழிகளாக உள்ள ஓர் ஆரம்பப் பள்ளி 2013இல் தென் லண்டனில் அவருடைய பெயரில் தொடங்கப்பட்டது. தந்தை பிழைக்க வழியாகாத அதே ஜெர்மன் மொழியில், அதே நகரத்தில், குழந்தைகள் பாடம் படிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளின் தமிழோ இன்னும் வார இறுதி வாடகை வகுப்பறையில்தான் இருக்கிறது. அதற்கு மேல் ஏன் கேட்கக் கூடாது என்று பெற்றோர் கூட்டத்தில் வாதிடும்போதெல்லாம் நான் இந்தப் பள்ளியைத்தான் சாட்சிக்கு அழைக்கிறேன்.