பல் கிட்டிய சீட்டு

ஜூன் 4
மகனுக்குத் தொண்டையில் ஆபரேஷன். அவனுடைய பழைய டிஸ்சார்ஜ் சீட்டு கிடைக்கவில்லை. பீரோ, பரண், டிரங்குப் பெட்டி எல்லாம் பார்த்தாயிற்று.

ஜூன் 6
கிடைத்தது, சீர்ப் பாத்திரங்களுக்கு அடியில். சக்ஸமெத்தோனியம் என்ற மருந்து கொடுத்ததும் தாடை இறுகியது, வாய் திறக்கவில்லை, ஆபரேஷன் நிறுத்தப்பட்டது. ஆங்கிலத்தில் மூன்று வரி. அன்று எங்களிடம், "பல் கிட்டிக்கொண்டது, இன்னொரு நாள் பார்க்கலாம்" என்றதோடு சரி. மறுநாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. சூடு என்று இளநீர் கொடுத்தேன். அப்போது எட்டு வயது அவனுக்கு.

ஜூன் 9
தஞ்சாவூர். மயக்க மருந்து டாக்டர் சின்னப் பெண். சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். தசையைத் தளர்த்தக் கொடுக்கும் இந்த மருந்தே சிலருக்குத் தாடையை இறுக்கிவிடுமாம். பலருக்கு அதோடு அடங்கிவிடும். சிலருக்குத் தசைக்குள் கால்சியம் கட்டுக்கடங்காமல் பெருகி, உடம்பே உலையாகும். பரம்பரையாக வருவது. முதுகில் ஊசி போட்டுச் செய்யக் கூடாதா என்றேன். "தொண்டைக்கு முதுகில் எப்படியம்மா?"

குடும்பத்தில் யாராவது ஆபரேஷன் மேசையில் இறந்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 10
சின்ன மாமா, மாமனாரின் தம்பி. 1978, குடல்வால் ஆபரேஷன். கல்யாணமாகி ஆறு மாதம். உடம்பு அனலாகி, கைகால் கட்டையாக விறைத்ததாம். காற்றுக் கருப்பு என்று முடித்துவிட்டார்கள். இத்தனை வருடம் அத்தை மூச்சு விடவில்லை. இந்த வீட்டில் வாய் திறக்காதவன் அவன் ஒருவனில்லை.

ஜூன் 12
மேட்டூர் திறந்துவிட்டார்கள். கடைமடைக்கு எப்போது வரும் என்று அத்தை நாலு முறை கேட்டார். எனக்கென்ன தெரியும்.

ஜூன் 13
தூக்கமில்லை. எழுதியாவது வைக்கிறேன். சக்ஸமெத்தோனியம் கூடாது. ஹாலோதேன், ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன், எந்த மயக்க ஆவியும் கூடாது. மயக்கத்துக்குப் புரொபோஃபால், ரத்தக் குழாய் வழியே ஓடும். தசை தளர ரொக்குரோனியம். இயந்திரத்தில் ஆவி மருந்துக் கலனைக் கழற்றி, குழாய்களை மாற்றி, ஆக்சிஜன் விட்டு அலசுவார்கள். அன்றைக்கு முதல் ஆள் இவன்தான். வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் காய்ச்சலுக்கு முன்பே அது ஏறுமாம்.

இத்தனைக்கும் மேல், அந்தச் சூடு கிளம்பினால் முறிக்கும் மருந்து டான்ட்ரோலீன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். இவன் 52 கிலோ. 130. குப்பிக்கு 20. ஏழு குப்பி, அதுவும் முதல் தவணைக்கு. ஒவ்வொன்றிலும் 60 மில்லி தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கரைக்க வேண்டும். 420 மில்லி. அந்த அவசரத்தில் எத்தனை கை வேண்டும்? கணக்கு டீச்சர் நடுராத்திரியில் குப்பி எண்ணுகிறேன்.

ஜூன் 15
மருந்து வரவில்லை. அது வராமல் தேதி தர மாட்டேன் என்கிறார். எரிச்சலோடு பஸ் ஏறினேன். பாபநாசம் தாண்டியபோது அந்தப் பெண் மேல் மரியாதை வந்திருந்தது.

ஜூன் 16
அவன் முறுக்கு தின்கிறான். தாடையையே பார்க்கிறேன். "என்னம்மா?" ஒன்றுமில்லை.

ஜூன் 18
வந்துவிட்டது. 20ஆம் தேதி காலை.

சீட்டை நகல் எடுத்து, சின்ன மாமா விஷயத்தையும் கீழே எழுதி, மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் அனுப்பினேன். நாத்தனார் பிள்ளைகள் நாலு பேர். "நல்ல காரியத்துக்கு முன்னால் இதை ஏன் கிளறுகிறாய்?" என்றார் அத்தை. பதில் சொல்லவில்லை. ராத்திரி அவரே வந்து, மருமகனின் விலாசம் சரியாக எழுதினாயா என்று கேட்டார்.

ஜூன் 20
ஏழரைக்கு உள்ளே கூட்டிப்போனார்கள். அவன் செருப்பு என்னிடம்.