மேளத்தை நிறுத்திவிட்டு வாசியுங்கள்

பாளையங்கோட்டையில் ஒரு தேவாலயத்தில் ஞாயிறு ஆராதனைக்கு கீபோர்டு வாசிக்கிறேன். மாலை நேரங்களில் வீட்டில் சில பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் 61 கட்டை கீபோர்டோடு வருவார்கள். அதற்குள் நூறு பாடலாவது பதிந்திருக்கும். அவற்றை வாசிக்கத்தான் நானும் சொல்கிறேன். ஆனால் ட்ரம்ஸ், பேஸ் (கீழ்ச் சுரங்கள்), ஸ்ட்ரிங்ஸ் (வயலின் கூட்டம் போன்ற ஓசை) என்று பின்னால் ஓடும் அனைத்தையும் அணைத்துவிட்டு வாசிக்கச் சொல்கிறேன். “சார், ரிதம் போட்டால் நன்றாக இருக்குமே” என்று பிள்ளைகள் கேட்பார்கள். “வீடே வெறிச்சென்று இருக்கிறது, மேளம் கேட்டால்தானே பாட்டு மாதிரி இருக்கிறது?” என்று பெற்றோர் கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பேத்தோவன் 1810இல் எழுதிய ‘ஃபர் எலீஸ்’ என்ற பியானோ இசை ஏறக்குறைய எல்லாக் கீபோர்டிலும் இருக்கிறது. தொடக்க வரி முடிந்ததும் இடது கை ஏ, ஈ, ஏ என்ற சுரங்களில் மேலே ஏறும். அந்த ஏற்றத்தை வலது கை சி, ஈ, ஏ என்று வாங்கிக்கொண்டு பி-யில் போய் நிற்கும். ஆறு சுரமும் ஒரே மூச்சில் வர வேண்டும். ஒரு கை விடும் இடமும் மறு கை பிடிக்கும் இடமும் காதுக்குத் தெரியக் கூடாது. புதிதாக வாசிப்பவருக்கு அந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி கட்டாயம் விழும். சில கீபோர்டுகளில் எளிமையாக்கிய வடிவத்தின் அடியில் ஸ்ட்ரிங்ஸும் தாளமும் ஓடும். இடைவெளியை அவை நிரப்பிவிடும். பிள்ளைக்கும் கேட்காது, பக்கத்து அறையில் இருக்கும் அம்மாவுக்கும் கேட்காது. மாதக்கணக்கில் அப்படியே வாசித்த கை பிறகு திருந்துவது கடினம்.

அதே பாடலின் முழு வடிவத்தில் ஈ, டி ஷார்ப் இரண்டும் மாறி மாறி வந்து முதல் வரிக்குத் திரும்பும் இடம் ஒன்று உண்டு. அங்கே எண்ணிக்கை தவறாத பிள்ளையை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு ஜோடி கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். பின்னணி ஓடினால் முதல் வரி வரும் ஓசையைக் கேட்டு அதில் தொற்றிக்கொள்ளலாம். பின்னணி இல்லாவிட்டால் மூன்று மூன்றாக மனதுக்குள் எண்ணியே தீர வேண்டும். அந்த எண்ணுதலுக்குத்தான் பயிற்சி என்று பெயர்.

அணைப்பது எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். ஆர், எல் என்ற பொத்தான்களை அழுத்திப் பார்த்துவிட்டு, “மேளம் நிற்கவே இல்லையே” என்பார்கள். அவை வலது கைப் பகுதியையோ இடது கைப் பகுதியையோ மட்டும் நிறுத்தும். மற்றது எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ‘ஃபங்ஷன்’ என்ற அமைப்புப் பட்டியலுக்குள் போய்ப் பாடலின் ஒலியளவைத் தேட வேண்டும். யமஹா பிஎஸ்ஆர்-இ வரிசைக் கீபோர்டுகளில் ‘சாங் வால்யூம்’ என்று இருக்கும். அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் பாடல் ஓசையின்றி ஓடும், திரையில் சுரங்கள் வழக்கம்போல நகரும். நீங்கள் அழுத்தும் கட்டை மட்டும் ஒலிக்கும். சீராகத் தாளம் தட்டிக்கொடுக்கும் மெட்ரோனோமின் ஒலியளவு தனி, அதைத் தேவைக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த நிறுவனமே பாடல்களின் ஸ்வரத்தாள் புத்தகத்தை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அதை அச்செடுத்து எதிரில் வைத்துக்கொண்டால் பாடலை ஓட்ட வேண்டிய தேவையே இல்லை. எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும். திரையைப் பார்க்கும் கண் அடுத்த ஒரு சுரத்தைத்தான் பார்க்கும், தாளைப் பார்க்கும் கண் வரி முழுவதையும் பார்க்கும்.

சரியான கட்டையை அழுத்தும் வரை பாடல் காத்திருக்கும் பயிற்சி முறையும் இருக்கிறது. சுரம் எது என்று கண்டுபிடிக்க அது உதவும். தாளத்துக்கு உதவாது. எவ்வளவு தாமதித்தாலும் அது பொறுத்துக்கொள்ளும், பிள்ளை அதற்குப் பழகிவிடும்.

மெதுவாக வாசிக்கவும் பின்னணி விடாது. டெம்போவைப் பாதியாகக் குறைத்தால் ட்ரம்ஸ் தள்ளாடும், கேட்கச் சகிக்காது. பிள்ளையின் விரல் தானாக டெம்போ பொத்தானுக்குப் போய்விடும். மேளம் இல்லாவிட்டால் எவ்வளவு மெதுவாக வாசித்தாலும் மெட்டு மெட்டாகவே இருக்கும்.

இன்னொன்றை எல்லாப் பிள்ளைகளிடமும் வற்புறுத்துகிறேன். தனியாக வாசிக்கும்போது பியானோ வாய்ஸை எடுத்துவிட்டு ஆர்கன் வாய்ஸ் வையுங்கள், ஓசையை நீட்டும் சஸ்டெயினையும் எதிரொலி சேர்க்கும் ரிவர்பையும் அணைத்துவிடுங்கள். பியானோ ஓசை தானாகத் தேயும் என்பதால் விரலை எப்போது எடுத்தோம் என்பது மங்கிவிடும். ஆர்கனில் அழுத்தும் வரை ஓசை நிற்கும், விரலை எடுத்த நொடியில் அறுந்துவிடும். ஒரு சுரத்தை அதன் முழு நீளத்துக்குப் பிடிக்கிறோமா, அடுத்ததை ஒட்டி எடுக்கிறோமா என்பது அப்பட்டமாகத் தெரியும். கால் ஆர்மோனியத்தில் துருத்தியை மிதித்து வாசித்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். அவர்கள் கைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எதுவும் இருந்ததில்லை.

தேவாலயத்தில் வாசிப்பதால்தான் நான் இதில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன். சபை பாடும்போது ஒவ்வொரு வரியின் முடிவிலும் மூச்சு வாங்கும். முன்வரிசையில் இருக்கும் பாட்டிமார் கடைசி அசையை இழுத்துத்தான் விடுவார்கள். அவர்கள் பாடுவது ஜெபம், அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை. கீபோர்டில் தானாக ஓடும் பின்னணித் தாளமான ‘ஸ்டைல்’ அந்த மூச்சுக்கு நிற்காது. ஸ்டைலோடு மட்டும் பழகியவர் அதைப் பின்தொடர்ந்து போய்விடுவார், சபை பின்னால் தங்கிவிடும். தாளத்தைத் தன் கையில் வைத்திருப்பவர் அரை நொடி காத்திருந்து, சபையோடு அடுத்த வரியில் இறங்குவார். இடது கையில் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) பிடித்துக்கொண்டு சும்மா இருந்தவருக்கு இது வராது. பேஸ் சுரத்தைத் தானே நடத்திப் பழகியிருக்க வேண்டும்.

பின்னணியே கூடாது என்று நான் சொல்லவில்லை. வலது கை தனியாக, இடது கை தனியாக, பிறகு இரண்டும் சேர்த்து, பிறகு மெட்ரோனோமோடு வாசித்துத் தேறியவர்களுக்குப் பாடல் ஒலியளவை நானே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொடுக்கிறேன். அப்போது அவர்கள் மேளத்தோடு சேர்ந்து வாசிக்கிறார்கள், அதில் சாய்ந்துகொள்வதில்லை. கேட்கும்போது வித்தியாசம் தெரிகிறது.

இப்போது கிறிஸ்துமஸுக்காக ‘சைலன்ட் நைட்’ எடுத்திருக்கிறோம். 1818 கிறிஸ்துமஸ் முந்தைய இரவில், ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டார்ஃப் ஊர்த் தேவாலயத்தில் முதன்முதலாக அது ஒரு கிதாரின் துணையோடு பாடப்பட்டது. எங்கள் பிள்ளைகளின் கீபோர்டில் அதற்கு மணியோசையும் ஸ்ட்ரிங்ஸும் சேர்த்திருக்கிறார்கள். தொடக்கம் ப-த-ப-க. முதல் ‘ப’ நீளும், ‘த’ குறுகும். பிள்ளைகள் இன்னும் இரண்டையும் சமமாக வாசிக்கிறார்கள். அது நேராகும் வரை ஸ்ட்ரிங்ஸ் கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். பெற்றோரும் வீட்டில் இதையே கடைப்பிடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.