ராத்திரி ஒன்றரை மணி கொத்து பரோட்டா

நாளைக்கு செமஸ்டர் பரீட்சை. ஹாஸ்டல் கேட்டில் டெலிவரி வண்டி. வாங்க வந்த பையன் கையில் நோட்ஸ். அதன் மேலேயே சால்னா பாக்கெட், ஓரத்தில் எண்ணெய் ஊறுகிறது.

மெஸ் ஏழரைக்கே மூடியாச்சு. ஆறு மணி நேர இடைவெளி.

இது வெறும் நாக்கு ருசி இல்லை. தூக்கம் குறைந்தால் பசியைக் கிளப்பும் கிரெலின் ஹார்மோன் ஏறும், 'போதும்' என்று சொல்லும் லெப்டின் இறங்கும். பரீட்சை பயத்தில் கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் வேறு. அந்த நேரத்தில் சுண்டலா கேட்கும் மனசு?

கூடவே ஒரு ஸ்ட்ராங் காபி. அதிலிருக்கும் காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம். ஆறரைக்குப் படுத்தாலும் பாதி உள்ளேதான்.

இதற்குப் பதில் ராத்திரி ஒன்பதரைக்கு இரண்டு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. மதியம் மூன்றுக்கு மேல் காபி வேண்டாம்.

மெஸ்ஸையும் ஒன்பது வரை திறந்து வைக்கலாம். யார் கேட்கிறார்கள்!