மாத்திரை வீடு தேடி வருகிறது, அப்புறம்?

முதியோர் பராமரிப்பு என்றாலே பிள்ளைகளைத் திட்டுவதில்தான் நம் பேச்சு தொடங்குகிறது. எனக்கு அதில் அலுப்பு தட்டிவிட்டது. ஒற்றைப் பிள்ளை, அவனுக்கும் துபாயில் வேலை என்றால் என்னதான் செய்வான்? 2007-இல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தரும், பார்த்துக்கொள்கிறேன் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிய சொத்தைக்கூட ரத்து செய்ய வழி வைத்திருக்கிறது, சரி, ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கைபிடித்து பாத்ரூமுக்குக் கூட்டிப்போக சட்டமா வரும்?

2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் எனக்குப் பிடித்த திட்டம். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது, பிசியோதெரபியும் உண்டு. எதிர்வீட்டுப் பாட்டி, மாத்திரை கொண்டுவரும் அக்கா வரும் நாளில் முறுக்கு எடுத்துவைத்துக் காத்திருப்பார். பிரஷர் பார்க்க ஐந்து நிமிடம், மருமகளைப் பற்றிய புகாருக்கு அரைமணி. (அந்த அரைமணியும் மருந்துதான்.)

கிண்டியில் 2024-இல் திறந்த முதியோர் மருத்துவமனை போல இன்னும் வரட்டும். கோவைப் பக்கம் வசதியானவர்களுக்கான முதியோர் குடியிருப்புகளும் பெருகட்டும். ஆனால் மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் காலத்தை ஓட்டுபவர்களுக்கு வேண்டியது நடக்கிற தூரத்தில் ஒரு பகல்நேர மையமும் சூடான மதியச் சாப்பாடும்தான். அப்புறம், வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குப் பயிற்சி, ஒழுங்கான சம்பளம், வாரம் ஒரு நாள் லீவு. இப்போது பல ஏஜென்சிகள் கமிஷனை எடுத்துக்கொண்டு ஆளை அனுப்புவதோடு சரி. படுக்கைப்புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்றுகூடச் சொல்லித்தருவதில்லை.