பவளக்காரத் தெரு வீட்டின் இரும்புப் பெட்டி

எங்கள் பாட்டி அரிசியை இரும்புப் பெட்டியில்தான் வைத்திருப்பார். டிரங்குப் பெட்டி இல்லை. ஆள் உயரத்தில் சுவருக்குள் பதித்த, ஒரு காலத்தில் பணமும் புரோநோட்டும் இருந்த லேவாதேவிப் பெட்டி. சாவி என்றைக்கோ தொலைந்துவிட்டது. கதவும் முழுதாக மூடாது. கீழ்த்தட்டில் ரேஷன் அரிசி, மேல்தட்டில் புளிப்பானை.

நான் பிறந்து வளர்ந்த அந்த வீடு சென்னை மண்ணடியில், பவளக்காரத் தெருவில் இருக்கிறது. மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து விற்று, இங்கிருந்து வைரம் வாங்கிப்போன யூத வணிகர்கள் இருந்த தெரு அது. பவளம் போய்ப் பெயர் மட்டும் நின்றது. பிறகு நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வந்தார்கள். எங்கள் வீட்டைக் கட்டியவரும் அவர்களில் ஒருவர்தான். பர்மாவில் வட்டித் தொழில், அங்கிருந்தே கப்பலில் வந்த தேக்கு. முற்றத்தைச் சுற்றி இருந்த பன்னிரண்டு தூண்களில் ஒன்றைக்கூட என்னால் கட்டிப்பிடிக்க முடிந்ததில்லை.

இதெல்லாம் கணக்குப்பிள்ளை தாத்தா சொன்னது. சின்ன வயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடிப் பையனாக, அங்கே சேர்ந்தவர், கடைசிவரை செட்டியார் குடும்பத்துக்காக எங்களிடம் வாடகை வசூலித்தார். அந்த வீடு இரண்டு தடவை காலியானதாம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் குண்டு போட்டு, பர்மா எண்ணெய் கம்பெனித் தொட்டிகள் பற்றி எரிந்தபோது ஒரு தடவை. சில வாரங்களில் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். 1942-இல் ஜப்பான்காரன் வருகிறான் என்று ஊரே ஓடியபோது போனவர்கள் திரும்பவில்லை. அதற்கு முந்தைய மாதமே ரங்கூன் விழுந்திருந்தது. கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால்வாசி செட்டியார்கள் கையில் இருந்த காலம் அது, அத்தனையும் போயிற்று. இதைச் சொல்லும்போதெல்லாம் தாத்தா அந்தப் பெட்டியைத்தான் பார்ப்பார்.

அப்புறம்தான் நாங்கள். துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க்காக இருந்த என் தாத்தா 1951-இல் மாதம் பதினான்கு ரூபாய்க்கு ஓர் அறை பிடித்தார். பெட்டி இருந்த அறை என்பதால் இடம் குறைவு, வாடகையும் குறைவு. கல்யாணம் நடந்த பெரிய கூடத்தைப் பலகை அடித்து மூன்றாகப் பிரித்திருந்தார்கள். மொத்தம் பதினோரு ஒண்டுக் குடித்தனம், ஒரே குழாய். விடியற்காலை நாலு மணிக்குக் குடம் வரிசையில் நிற்கும். மழைக்காலத்தில் முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். அடுப்பு மூட்ட முடியாதவர்களுக்கு மாடியிலிருந்து சோறு இறங்கும். என் அக்காவுக்கும் எனக்கும் தொட்டில் கட்டிய வளையம் முற்றத்து உத்தரத்தில் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதில்தான் தூங்கினோம்.

பெரிய வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் கட்டியவரோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. நாற்பது வருடம் அந்தத் தூண்களுக்கு எண்ணெய் தடவியது என் பாட்டியும் பக்கத்து அறைப் பெண்களும்தான். பத்திரத்தில் அவர்கள் பெயர் இல்லை, பழைய ரேஷன் கார்டில் முகவரியாக மட்டும் அந்த வீடு இருக்கிறது.

எண்பதுகளில் கீழ்த்தளம் இரும்புக் கிடங்கானது. குடித்தனங்கள் ஒவ்வொன்றாகத் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று நகர்ந்தன. நாங்கள் 1991-இல் கிளம்பினோம்.

போன மாதம் போய்ப் பார்த்தேன். கஜலட்சுமி செதுக்கிய வாசல் நிலை இல்லை. யாரோ விலைக்கு வாங்கிப் போய்விட்டார்கள். தூண்கள் ஐந்துதான் மிச்சம். கிடங்குக்காரரிடம் விவரம் சொன்னதும், "வாங்கம்மா, உங்க வீடுதானே" என்று விளக்கைப் போட்டுக் காட்டினார். பெட்டி அங்கேயே இருந்தது. எடுக்க வேண்டுமானால் சுவரை இடிக்க வேண்டுமாம். கீழ்த்தட்டில் பழைய பில் புத்தகங்கள். மேல்தட்டில், புளிப்பானை உட்கார்ந்திருந்த இடத்தில், வட்டமாகத் துரு ஏறியிருந்தது.