ஆர்.சி.யில் 499 தான்: ஒரு தண்டர்பேர்ட் நாட்குறிப்பு

ஏப்ரல் 16, 2025, புதன்

மாலையில் மதுரை பழங்காநத்தம் பட்டறையில் லீக்டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்ப்பது) எடுத்தோம். வண்டி 2014 மாடல் ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்ட் 500 பைக். ஏற்றத்தில் இழுவை இல்லை என்பது என் புகார். "கம்ப்ரெஷன் கேஜ் மாட்டினால் போதாதா அண்ணே?" என்று கேட்டேன். இந்த இன்ஜினில் ஆட்டோ டீகம்ப்ரெஸர் உண்டு. செல்ஃப் அடிக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வை அது கொஞ்சம் தூக்கிப் பிடித்திருக்கும். அதனால் கேஜ் குறைத்துத்தான் காட்டும் என்றார் மெக்கானிக் அண்ணன். "அத நம்பி நல்ல இன்ஜினப் பிரிச்சவங்க இருக்காங்க தம்பி."

பிஸ்டனைக் கம்ப்ரெஷன் உச்சியில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பட்டறைப் பையன் பின் பிரேக்கை மிதித்துக்கொள்ள, ப்ளக் ஓட்டை வழியாக 100 பி.எஸ்.ஐ. காற்றை விட்டார். உள்ளே நின்றது 73. மீதி எங்கே போகிறது என்பதைக் காதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆயில் ஊற்றும் வாயில் நல்ல சத்தம். அது பிஸ்டன் ரிங் வழியாக இறங்குகிறது. சைலன்சர் வாயில் மெல்லிய சீறல். அது எக்ஸாஸ்ட் வால்வு. இன்டேக் பக்கம் அமைதி.

நின்ற இன்ஜினில் 27 போகிறது என்றால் ஓடும் இன்ஜினிலும் அவ்வளவு போகும் என்று அர்த்தமில்லை. ஓடும்போது காற்று ஒழுக அத்தனை அவகாசம் கிடைக்காது. ஆனாலும் பிரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. எப்படியும் பிரிக்கப்போகிறோம், அதோடு இழுவையையும் கொஞ்சம் கூட்டிவிடலாமே என்பதில்தான் இந்தக் குறிப்பு தொடங்குகிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

விடியற்காலையில் மேலூர் தாண்டி நான்கு வழிச்சாலையில் ஒரு அளவு எடுத்து வைத்தேன். நானும் வீட்டுக்காரியும், பின்னால் பைகள், நாலாவது கியர், 50-லிருந்து 80 வரை முழு திராட்டில். போன் வீடியோவில் பார்த்தால் ஏழரை வினாடி. இன்ஜினைத் தொடுவதற்கு முன் இது கையில் இல்லையென்றால், பிற்பாடு "நல்லா இழுக்குதுப்பா" என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

மண்டியில் கணக்கு எழுதுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கணக்குதான். கம்பெனி சொல்லும் அளவு: 5250 ஆர்.பி.எம்.மில் 27.2 குதிரைச் சக்தி, 4000-ல் 41.3 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). நியூட்டன் மீட்டரை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். அதைத் திருப்பிப் போட்டால், பவர் உச்சத்தைத் தொடுகிற 5250-ல் டார்க் 37-க்கு இறங்கிவிட்டது தெரிகிறது. பவர் ஏன் கூடுகிறது என்றால், டார்க் குறைவதைவிட வேகமாகச் சுற்று கூடுகிறது, அவ்வளவுதான். சுமையோடு டூர் போகிற நான் 5250-ஐப் பார்ப்பதே அபூர்வம். எனக்கு வேண்டியது 1500-க்கும் 3500-க்கும் நடுவில்.

இன்னொரு கணக்கும் போட்டேன். வண்டி, நாங்கள் இருவர், பைகள் எல்லாம் சேர்த்து 370 கிலோ. நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் ஏறுகிற மலைச்சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போக எவ்வளவு சக்தி வேண்டும்? டயர் உராய்வையும் சேர்த்து நான்கு குதிரைச் சக்திக்குள் அடங்கிவிடுகிறது! 27 வைத்திருக்கிற வண்டி நான்கு கேட்கிற இடத்தில் ஏன் திணறுகிறது? தேனிப் பக்கம் போடிமெட்டு மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவில் வேகம் பதினைந்துக்கு இறங்கும். இரண்டாவது கியரிலேயே வெளியே வந்தால் ஆர்.பி.எம். 1100, 1200. அங்கே இந்த இன்ஜினிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் கியருக்குப் போனால் வெட்டி வெட்டி இழுக்கிறது. ஆக, உச்ச பவரைத் துரத்துவது என் மலைக்கு உதவாது.

ஏப்ரல் 27, ஞாயிறு

மச்சினன் வந்திருந்தான். இழுவைக்கு அவன் சொல்லும் ஒரே மருந்து 535 சி.சி. "கான்டினென்டல் ஜிடி பேரலும் பிஸ்டனும் வாங்கிப் போடுங்க மாமா, முடிஞ்சது கதை."

அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 500-ன் போர் (சிலிண்டரின் விட்டம்) 84 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90. அதே கம்பெனியின் ஜிடி பைக்கில் ஸ்ட்ரோக்கும் அதே 90, போர் மட்டும் 87. 499 சி.சி. 535 ஆகிறது. நூற்றுக்கு ஏழு கூடுதல். டார்க்கும் ஏறக்குறைய அந்த அளவு கூடும், அதுவும் எல்லா ஆர்.பி.எம்.மிலும். டூர் வண்டிக்குக் கொள்ளளவைக் கூட்டுவதுபோல நேரான வழி வேறில்லை.

ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் 499 என்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகச் சொல்லிவிட்டது. போலீஸ்காரர் வழியில் பேரலைக் கழற்றியா பார்க்கப் போகிறார் என்றான் மச்சினன். அவர் பார்க்க மாட்டார். விபத்து ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்ப்பார். பின்சீட்டில் உட்காருவது அவன் அக்கா என்பதை ஞாபகப்படுத்தினேன்.

அடுத்து சைலன்சரில் வந்து நின்றான். அதற்கு நான் விரிவாகப் பதில் சொல்லவில்லை. திறந்த சைலன்சர் மேல் ஆர்.பி.எம்.மில் கொஞ்சம் தரும், கீழே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். சத்தம் கூடினால் வேகம் கூடியதுபோலக் காதுக்குப் படுகிறது. இதற்கு அபராதம் வேறு பத்தாயிரம் வரை.

அவன் போனபிறகு எனக்குப் பட்டது செயின் ஸ்ப்ராக்கெட். முன்பக்கம் 18 பல், பின்பக்கம் 38. முன்னால் ஒரே ஒரு பல்லைக் குறைத்து 17 போட்டால் பின்சக்கரத்தில் இழுவை நூற்றுக்கு ஆறு கூடும். 535-க்குக் கிட்டத்தட்ட சமம், செலவு சில நூறு ரூபாய். பவர் கூடாதுதான், 90-ல் போகும்போது ஆர்.பி.எம். சுமார் 200 ஏறும், அந்த அதிர்வு கால்மிதியில் தெரியும். நெடுஞ்சாலையில் கொடுப்பதை மலையில் வாங்கிக்கொள்கிறோம்.

மே 3, சனி

பிரித்தாகிவிட்டது. பிஸ்டன் தலையில் கரி ஏறிக் கிடந்தது. சிலிண்டரின் மேல்பக்கம் 0.09 மில்லிமீட்டர் தேய்மானம், அதுவும் முட்டை வடிவத்தில். எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் சின்னச் சின்னக் குழிகள். முடிவு: அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன், அதற்கேற்பச் சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு) உள்சுவரைத் தீட்டுவது (ஹோனிங்). 84.5 என்றால் 504.7 சி.சி. வருகிறது. தேய்ந்த சிலிண்டரை மீட்க எல்லோரும் செய்கிற வேலைதான் என்றாலும், மச்சினனிடம் சொன்னால் "பாத்தீங்களா, அஞ்சு சி.சி. ஏத்திட்டீங்க" என்பான். சொல்லவில்லை.

சிலிண்டர் ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் மேல்மூடியைப் பற்றித்தான் நெடுநேரம் பேசினோம். காற்று நுழையும் இன்டேக் போர்ட்டின் உள்ளே வார்ப்பில் நின்ற மேடுகள், ரப்பர் மேனிஃபோல்ட் சேரும் இடத்தில் ஒரு படி. இவற்றை மட்டும் எடுத்தால் போதும், ஓட்டையைப் பெரிதாக்க வேண்டாம் என்பது அண்ணனின் கட்சி. நானும் அதே கட்சி. செடிக்குத் தண்ணீர் விடும்போது குழாய் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் தூரமாகப் போகிறதல்லவா, போர்ட்டும் அப்படித்தான். அகலமாக்கினால் கீழ் ஆர்.பி.எம்.மில் காற்றின் வேகம் செத்துவிடும், சிலிண்டர் சரியாக நிரம்பாது. பந்தய வண்டிக்கு அகலம் வேண்டும், அது 7000-ல் ஓடுகிறது. பளபளவென்று பாலிஷ் போடச் சொல்லி வருகிறவர்களிடம் "அது எக்ஸாஸ்ட்டுக்கு மட்டும்" என்று சொல்லி அனுப்பிவிடுவாராம்.

வால்வு சீட்டை 30, 45, 60 என்று மூன்று கோணத்தில் வெட்டி, வால்வைத் தேய்த்துப் பொருத்தும் லேப்பிங் செய்யப்போகிறார். நடுவிலுள்ள 45-ல்தான் வால்வு உட்காரும். மற்ற இரண்டும் காற்று வளைந்து போக வழிவிடுவதற்கு.

மே 12, திங்கள்

அழகர் இன்று ஆற்றில் இறங்கினார். போர் போடும் லேத் பட்டறை போன வாரம் திருக்கல்யாணத்தன்றே மூடியது. இனி எப்போது திறப்பார்கள் என்று கேட்கவே எனக்குத் தைரியமில்லை. சித்திரைத் திருவிழாவில் இன்ஜினைப் பிரித்துப் போட்டவனுக்கு இந்த ஊரில் அனுதாபம் கிடைக்காது. தல்லாகுளம் பக்கம் நடந்துதான் போனோம், நீர்மோர் குடித்தோம்.

மே 17, சனி

பேரல் வந்துவிட்டது. ஹோனிங் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகச் சுத்தமாக விழுந்திருக்கின்றன; அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும், ரிங் உட்காரும்.

கம்ப்ரெஷனை, அதாவது கலவையை எத்தனை மடங்கு நசுக்குவது என்பதை, எவ்வளவு ஏற்றுவது என்பதில் வாக்குவாதம். கம்பெனி அளவு 8.5-க்கு 1. எனக்கு 9.5 மேல் ஆசை. அண்ணன் சுவரிலிருந்த காலண்டரைக் காட்டினார். கத்திரி. "காத்துல குளிருற இன்ஜின் தம்பி இது. நாற்பது டிகிரில, டபுள்ஸ்ல, ஏத்தத்துல, குறைஞ்ச ஆர்.பி.எம்.ல முழு திராட்டில் குடுத்தா நாக்கிங் வரும்." அதுதான் என் ஓட்டமே. நாக்கிங் என்பது பெட்ரோல் கலவை ப்ளக்கின் தீ எட்டும் முன்னரே தானாக வெடிப்பது. பிஸ்டன் தலையில் ஓட்டை போடும் வல்லமை அதற்கு உண்டு. கம்ப்ரெஷன் ஒரு புள்ளி ஏறினால் கிடைப்பது நூற்றுக்கு மூன்று, நான்குதான். அதற்காக இந்த ஆபத்தா? 9 என்று முடிவானது.

அளந்தது மெடிக்கல் ஷாப் சிரிஞ்சால். ஹெட்டைக் கவிழ்த்து, வால்வுகளைச் சுற்றி கிரீஸ் தடவி, மேலே ஓட்டை போட்ட அக்ரிலிக் தகட்டை வைத்து, குமிழி இல்லாமல் மண்ணெண்ணெய் ஏற்றி எத்தனை சி.சி. போகிறது என்று எண்ணினோம். கேஸ்கெட் இடத்தையும் பிஸ்டன் தலைக்கு மேலுள்ள இடத்தையும் கூட்டினால் 66 சொச்சம். அது 63 ஆக வேண்டும். ஹெட் முகத்தில் 0.6 மில்லிமீட்டர் எடுத்ததும் வந்துவிட்டது. ஹெட் அவ்வளவு கீழே இறங்குவதால், வால்வைத் திறக்கும் புஷ் ராட் கம்பிகளின் அழுத்தம் கூடும். ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டேப்பட் என்பதால் அதை அதுவே உள்வாங்கிக்கொள்கிறது.

வால்வு பிஸ்டனில் இடிக்காதா என்று பார்க்க, பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றித் திறந்தோம். வால்வு பதிந்த தடத்தைக் கத்தியால் வெட்டிப் பார்த்தால் மிச்சம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல். நிம்மதி.

மே 25, ஞாயிறு

முதல் ஸ்டார்ட் நேற்று. ரிங் உட்கார வேண்டுமானால் ஒரே வேகத்தில் ஓட்டக் கூடாது. திராட்டில் கொடுத்து, விட்டு, இன்ஜின் பிரேக்கில் இறங்க வேண்டும். நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் பாலம் இருக்கிறதே என்று ஆசையாக ஏறினேன், பிறகுதான் புது ரிங்கைப் பழக்கும் ரன்னிங் இன்னுக்கு அதைவிட மோசமான இடம் இல்லை என்று தோன்றியது. அதற்கு அழகர்கோவில் சாலையே மேல்.

ஜூன் 8, ஞாயிறு

15டபிள்யூ-50 ஆயில் மாற்றியாகிவிட்டது. பழைய ஆயிலில் வெள்ளித் தூள் கொஞ்சம். புது ரிங்குக்கு அது சகஜம். திரும்பவும் மேலூர், அதே சுமை, அதே நாலாவது கியர்: 6.6 வினாடி. வீட்டுக்கு வந்து 17 பல் மாட்டி, சாயங்காலம் மறுபடி போனால் 6.1.

முதல் 0.9 வினாடியில் கம்ப்ரெஷன் ஏற்றியதன் பங்கு சின்னதாகத்தான் இருக்கும். பெரும்பங்கு ஒழுகல் அடைபட்டதும் வால்வு சீட்டும்தான். அதாவது "அப்கிரேட்" என்று நான் பெருமை பேசிக்கொள்வதில் பாதிக்கு மேல் தேய்ந்ததைச் சரிசெய்த கணக்கு. மச்சினன் இதைப் படிக்கிறான், படிக்கட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய், தேனி, போடி. கணவாயில் எப்போதும் நாலாவதுக்கு இறங்குவேன். இன்று ஐந்திலேயே தாண்டியது. தேனிக்கு முன்னால் 90-ல் அந்த 200 ஆர்.பி.எம். நன்றாகவே தெரிந்தது. வீட்டுக்காரி, "கால் கூசுது" என்றாள். இது ஒரு குறைதான், மறைப்பதற்கில்லை.

போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி. கேரளத்தில் இந்த வருஷம் பருவமழை மே 24-லேயே தொடங்கிவிட்டதால் மேலே ஒரே சாரல். இரண்டாவது கியரிலேயே வளைந்து, திராட்டிலை மெதுவாகத் திறந்தால் வண்டி தடதடக்காமல் எழுந்து போகிறது. இரண்டு வளைவில் மட்டும், அதுவும் எதிரே ஜீப் வந்து நிற்க வேண்டியிருந்ததால், முதல் கியர். நாக்கிங் சத்தம் எங்கும் இல்லை. உயரம் ஏற ஏறக் காற்று மெலிவதால், நூறு மீட்டருக்குச் சுமார் ஒரு சதவீதம் வீதம் பவர் குறையும். போடிமெட்டில் பத்துக்கு மேல் போயிருக்க வேண்டும். பூப்பாறையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

இறக்கத்தில் இன்னொரு லாபம் கண்டேன். முன் ஸ்ப்ராக்கெட்டில் பல் குறைந்ததால் இன்ஜின் பிரேக் கூடியிருக்கிறது. ஈரச் சாலையில் பின் பிரேக்கை அவ்வளவாகத் தொடவேயில்லை.

ஜூன் 21, சனி

ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தோம். எதிர்பார்த்த பழுப்பைவிட ஒரு சாயல் வெளுப்பு. இப்போது பங்க்கில் கிடைப்பது இருபது சதவீத எத்தனால் கலந்தது. வெறும் பெட்ரோலுக்கு ஒன்றுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், இந்தக் கலவைக்கு 13.5 போதும். எரிபொருளை அளந்து விடும் ஈ.சி.யூ. என்ற மின்னணுப் பெட்டியின் பழைய கணக்கு பெட்ரோலுக்குப் போட்டது, அதனால் கலவை கொஞ்சம் மெலிகிறது. எத்தனாலுக்கு நாக்கிங்கைத் தாங்கும் குணம் உண்டு என்பது 9-க்கு ஏற்றிய எனக்குச் சாதகம். அதோடு பிக்கிபேக் என்ற துணைப் பெட்டியை மாட்டி எரிபொருளைக் கூட்டலாம், ஆனால் இந்த வெளுப்புக்கு இப்போது அவசரமில்லை என்கிறார் அண்ணன். அடுத்த ஆயில் மாற்றும்போது மறுபடி பார்ப்பதாகப் பேச்சு.

அவசரம் கிளட்ச்சுக்குத்தான். ஆண்டிபட்டி ஏற்றத்தில் ஒரு தடவை ஆர்.பி.எம். ஏறியது, வேகம் ஏறவில்லை. பழைய பிளேட்டுகள் பழைய டார்க்குக்கே களைத்திருந்தவை. பிளேட் செட்டும் ஸ்பிரிங்கும் ஆர்டர் கொடுத்திருக்கிறேன், செவ்வாய்க்கிழமை வருமாம்.