கோர்ட் டிகிரி கைக்கு வந்த பிறகு பணத்தை வாங்கிய கதை

அப்பா ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் 3 லட்ச ரூபாயை, தெரிந்தவர் ஒருவருக்குப் புரோநோட்டின் பேரில் கொடுத்திருந்தார். அசலும் வரவில்லை, வட்டியும் வரவில்லை. வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் கெடு முடிவதற்குள் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். எதிராளி ஆஜராகவே இல்லை. எக்ஸ்பார்ட்டியாக, அதாவது அவர் வராமலேயே, பணத்தைத் தர வேண்டும் என்று டிகிரி (தீர்ப்பாணை) ஆகிவிட்டது.

பலரும் இதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இந்தியாவில் வழக்காடுபவரின் கஷ்டமே டிகிரி வாங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது என்று 1872-லேயே, அப்போது இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொல்லியிருக்கிறது. இன்றைக்கும் அது உண்மைதான். எதிராளி தானாகத் தராவிட்டால் நாம் நிறைவேற்று மனு, அதாவது இ.பி., போட வேண்டும். அதற்கு 12 வருடம் அவகாசம் உண்டு. அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். டிகிரி ஆகி இரண்டு வருடம் தாண்டினால், பொதுவாக முதலில் அவருக்கு நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸைப் பார்த்ததும் சொத்தைக் கைமாற்றிவிட அவருக்கு வழி கிடைத்துவிடும்.

எதிலிருந்து வசூலிக்க வேண்டும் என்பதை மனுவில் நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். கோர்ட் தானாகத் தேடிப் போகாது. எங்களுக்கு முதலில் தோன்றியது சம்பளம். அவர் தனியார் வேலையில் இருந்தார், மாதம் சுமார் 25,000. சட்டப்படி முதல் 1,000 ரூபாயைத் தொட முடியாது. மீதியில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பிடிக்கலாம். ஆக மாதம் 8,000. அதுவும் ஒரு டிகிரிக்கு மொத்தம் 24 மாதம் மட்டுமே. கூட்டிப் பார்த்தால் 1,92,000; அசலுக்கே காணாது. பி.எஃப். பணத்தில் கைவைக்கவே முடியாது.

கைதுக்குப் போடலாம் என்றும் சிலர் சொன்னார்கள். பொதுவாக, பணம் கட்ட வசதி இருந்தும் கட்டவில்லை என்று நாம் நிரூபித்தால்தான் அது நடக்கும். உள்ளே இருக்கும் நாட்களுக்கு அவருடைய சாப்பாட்டுப் படியையும் நாமே கட்ட வேண்டும். "அவன் ஜெயிலுக்குப் போனா நமக்கு என்னப்பா கிடைக்கும்?" என்றார் அப்பா. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யும்படி அவருக்கு உத்தரவிடக் கேட்கலாம், கேட்டோம். தனக்கு எதுவுமே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் ஊருக்கு வெளியே லே-அவுட் ஒன்றில் அவருக்கு மனை இருப்பதாக ஒரு பேச்சு இருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்து சர்வே எண்ணையும் மனை எண்ணையும் வாங்கி, வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். கிரயம் அவர் பெயரில்தான் இருந்தது, அடமானம் எதுவும் இல்லை. இந்த வழக்கில் எங்களுக்கு உண்மையில் உதவியது அந்த ஒரு காகிதம்தான்.

அந்த மனையை ஜப்தி செய்ய, அதாவது கைமாற்ற முடியாதபடி கோர்ட் முடக்கி வைக்க, உத்தரவு ஆகி, பேட்டா (போய்வரும் படி) கட்டிய பிறகு ஒரு நாள் கோர்ட் ஊழியரான அமீனாவோடு நானும் போனேன். தண்டோரா போடுபவர் நாலு தட்டுத் தட்டினார். அமீனா சர்வே எண்ணையும் நான்கு எல்லைகளையும் உரக்கப் படித்தார். எல்லைக் கல்லில் நகலை ஒட்டினார். பசை காய்வதற்குள் காற்று தூக்கியதால், நூல் வாங்கி வந்து சுற்றிக் கட்டினார். பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் வந்து படித்துப் பார்த்தார்கள். அங்கிருந்த இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினோம். ஜப்திக்குப் பிறகு அவர் அந்த மனையை விற்றாலும் அந்த விற்பனை நம்மைக் கட்டுப்படுத்தாது. உத்தரவின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் போய், வில்லங்கச் சான்றிதழில் ஏறிவிட்டதா என்று கட்டாயம் பாருங்கள். வாங்க வருபவர் பார்ப்பது அதைத்தான்.

அப்புறம் வாய்தா மேல் வாய்தா. இ.பி.யை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் 2025-ல் அதே நீதிமன்றம் கணக்கெடுக்கச் சொன்னபோது, நாடு முழுவதும் 8.8 லட்சத்துக்கும் மேல் இ.பி.க்கள் நிலுவையில் இருந்தன. வராந்தாவில் என்னோடு காத்திருந்த வயதானவர்களை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. ஜெயித்தவர்களை இப்படி அலைய வைப்பது நியாயமே இல்லை.

ஏல அறிவிப்புக்கு நோட்டீஸ் போன பிறகுதான் அவர் முதல்முறையாக வக்கீல் வைத்தார். மனையின் மதிப்பு நம் பாக்கியைவிட அதிகம். ஏலத்தில் போனால் நஷ்டம் அவருக்குத்தான். தவணை கேட்டார், நீதிபதி கொஞ்சம் அவகாசம் கொடுத்தார். முழுத்தொகையையும் கோர்ட்டில் கட்டினார். அதை எடுத்துக்கொள்ள நாங்கள் தனியாக ஒரு மனு போட வேண்டியிருந்தது.

வெளியே வைத்துப் பேசி முடித்துப் பணம் வாங்கினாலும், வரவு வந்ததை கோர்ட்டில் பதிவு செய்துவிடுங்கள். பதிவாகாத வரவை இ.பி. கோர்ட் கணக்கில் எடுக்காது. பின்னால் இரண்டு பக்கமும் சண்டைதான். எங்கள் இ.பி. முழுவதும் தீர்ந்ததாகப் பதிவாகி, ஜப்தியும் நீக்கப்பட்டது. வழக்கே இனிமேல்தான் போடப்போகிறீர்கள், எதிராளி சொத்தை விற்கப் பார்க்கிறார் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது என்றால், தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி கேட்டு வழக்கோடு சேர்த்தே மனு போட முடியுமா என்று வக்கீலிடம் முதல் நாளே கேளுங்கள்.